தராசில் ஏற்றுமுன் ஒரு கணக்கு

"பழைய இரும்பு, பித்தளை, அலுமினியம், பற்றறி!" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வரும் சிறிய லொறியை அறியாத கிராமம் வடக்கிலும் கிழக்கிலும் இன்று இல்லை. அந்த லொறியைக் கைகாட்டி நிறுத்துபவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள் அல்லர். இருபது, முப்பது ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்து சொந்தக் காணிக்குத் திரும்பியவர்கள், அல்லது காணி இன்னும் கைக்கு வராமல் உறவினர் வளவில் கொட்டில் போட்டு இருப்பவர்கள். வளவு மூலையில் துருப்பிடித்த இறைப்பு இயந்திரம் ஒன்று கிடக்கும். வேலியோரத்தில் சில்லில்லாத பெட்டி ஒன்று சாய்ந்திருக்கும். பிள்ளைக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்க வேண்டும், சங்கக் கடன் கட்ட வேண்டும், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். லொறிக்காரர் ஒரு விலை சொல்வார். வீட்டுக்காரர் நூறு ரூபா கூட்டிக் கேட்பார். அரை மணித்தியாலத்தில் பொருள் லொறியில் ஏறிவிடும்.

நாம் இங்கே பேச விரும்புவது அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றியே.

பழைய இரும்பு வியாபாரியைத் திட்டுவது எமது நோக்கமன்று. டீசலுக்கும் கூலிக்கும் காசு கொடுத்து, நூறு வீடு ஏறி இறங்கி, சேர்த்ததை நகரத்துக் கடையில் கொடுத்து அவரும் தன் பிள்ளைகளை வளர்க்கிறார். அவர் இல்லாவிட்டால் துருப்பிடித்த இரும்பு வளவிலேயே மண்ணாகிப் போகும். ஆனால் ஒரு விடயத்தை மறக்கக்கூடாது. அவர் நாளும் விலை கேட்டு அறிந்து வருகிறார். நாமோ பத்து ஆண்டுக்கு ஒருமுறை விற்கிறோம். பேரத்தில் தோற்பது இந்த இடைவெளியினால்தான். அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கலாம் என்பதே நாம் சொல்ல வந்தது.

ஒரு பொருள், மூன்று விலை

உங்கள் வளவில் கிடக்கும் எந்த இயந்திரத்துக்கும் மூன்று விலை உண்டு. ஓடும் இயந்திரமாக விற்றால் ஒரு விலை. கழற்றி உதிரிப்பாகமாக விற்றால் இன்னொரு விலை. நிறுத்து உலோகமாக விற்றால் மூன்றாவது விலை. ஒழுங்கையில் வரும் லொறிக்காரர் எப்போதும் மூன்றாவது விலையைத்தான் சொல்வார், ஏனென்றால் அவருடைய தொழில் அது. முதல் இரண்டு விலையையும் விசாரிக்காமல் மூன்றாவதற்குச் சம்மதிப்பதுதான் எமது மக்கள் அதிகம் இழக்கும் இடம்.

அந்த முதல் இரண்டு விலையும் அண்மைக் காலத்தில் நன்றாகக் கூடியிருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த மதிப்பு, அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவரை சரிந்தது. இறக்குமதியாகும் புது இயந்திரத்தின் விலையும் புது உதிரிப்பாகத்தின் விலையும் அதோடு ஏறின. புதியது எட்டாத விலைக்குப் போனால் பழையதைத் தேடுவோர் பெருகுவர். முன்பு யாரும் திரும்பிப் பாராத பழைய கியர் பெட்டிக்கும் கிராங்குக்கும் கராஜ்களில் ஆள் இருப்பது இதனால்தான். லொறிக்காரர் சொல்லும் விலை உங்களுக்கு "பரவாயில்லையே" என்று தோன்றினால், உங்கள் மனதில் இருப்பது பழைய காலத்து விலை என்பதை நினைத்துப் பாருங்கள்.

எல்லா இயந்திரத்துக்கும் இது பொருந்தாது. மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத் தோட்டங்களில் லிஸ்ரர், வில்லியர்ஸ் என்ற பெயர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்போலப் புழங்கிய காலம் ஒன்று இருந்தது. 1990இல் போர் மறுபடி மூண்டு வடக்கின்மேல் பொருளாதாரத் தடை விழுந்தபோது பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓடவிட்டுத் தோட்டம் செய்தார்கள். அந்தக் கைவண்ணம் இன்றும் வயதானவர்களின் விரல்களில் இருக்கிறது. ஆனால் 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. அதன்பின் மின்சாரம் உள்ள தோட்டக்காரர் மண்ணெண்ணெய் இயந்திரத்தைத் தேடி வரமாட்டார். மின்கம்பி போகாத வயற்கரையில் இருப்பவர்தான் வாங்குவார். உங்கள் இயந்திரத்தை எந்த ஊரில் விலை கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே பதில் வரும்.

சூடடிக்கும் இயந்திரத்தின் கதையும் இதுவே. வயலிலேயே வெட்டி, அடித்து, தூற்றி மூட்டையாக்கித் தரும் பெரிய வெட்டு மெசின் வந்துவிட்ட ஊரில் பழைய சூடடிக்கும் இயந்திரம் வாங்க ஆள் வராது. அதை வைத்திருப்பவர் வருடா வருடம் துருவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நெல்லுக்கு வேண்டாமாயினும், உளுந்தும் பயறும் செய்கிற வன்னிக் கிராமங்களில் அடிக்கும் உருளையைச் சற்று மாற்றிப் பாவிக்கலாமா என்று ஒரு பட்டறைக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம். அப்படியும் ஆள் இல்லையென்றால் தயங்காமல் நிறுத்து விற்றுவிட வேண்டியதுதான். "அப்பா வாங்கியது" என்ற பாசம் விளங்குகிறது. ஆனால் அடுத்த மாரிக்குப் பின் அது இன்னும் நாலு கிலோ குறைந்திருக்கும்.

விற்கவே கூடாதவை

விலையைப் பற்றிப் பேசுமுன் விற்கலாமா என்ற கேள்வி வருகிறது. காணி இன்னும் விடுபடாத குடும்பங்களுக்கு இது மிக முக்கியம். வலிகாமம் வடக்கில் 1990இல் வெளியேறியவர்களின் காணிகள் கட்டங்கட்டமாகவே திரும்பக் கிடைத்தன. காணி கிடைக்கும் நாளை எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கிடைத்தவுடன் பற்றை வெட்ட வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், முதற் போகத்துக்கு உழ வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் வாடகைக்கு இயந்திரம் தேட வேண்டும். அப்போது ஒரே நேரத்தில் ஊர் முழுவதும் தேடும், வாடகை ஏறும். இயந்திரத்தை நிறுத்து விற்ற காசு, தூர்ந்த கிணறு ஒன்றை இறைத்து முடிக்கவே காணாமற் போனதாகச் சொன்ன குடும்பங்களை நாம் சந்தித்திருக்கிறோம்.

ஆகையால் ஒரு சிறு கணக்குப் போடுங்கள். திரும்பிப் போனால் முதல் வருடம் இந்த இயந்திரத்தை எத்தனை மணித்தியாலம் பாவிப்பீர்கள்? உங்கள் பகுதியில் ஒரு மணித்தியால வாடகை என்ன? இரண்டையும் பெருக்குங்கள். வருகின்ற தொகை இரும்புக் கடை தரும் காசைவிடக் கூடுதலென்றால், திருத்துச் செலவையும் கழித்துப் பார்த்தபின், அது விற்கக்கூடிய பொருளல்ல. இப்போது காணி இல்லையென்றால் இருக்கும் இடத்திலேயே அயலவருக்கு வாடகைக்கு விடலாம்.

மண்வெட்டி, அலவாங்கு, கோடரி, கத்தி, கலப்பைக்கொழு போன்ற கைக்கருவிகளை நிறைக்குக் கொடுப்பதை எம்மால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பழைய மண்வெட்டி ஒன்றின் இரும்பு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ வரும். அதற்குக் கிடைப்பது ஒரு தேநீர்க் காசு. புதிதாய் வாங்கப் போனால் பிடியும் சேர்த்து எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். தேய்ந்த கருவியைக் கொல்லன் பட்டறையில் கொடுத்து நுனி அடித்து எடுப்பதே இலாபம். பழைய லொறி வில்லு இரும்பில் அடித்த கத்திகளும் மண்வெட்டிகளும் வீட்டில் கிடந்தால், அந்த உருக்கு இன்றைய கடைச் சரக்கில் கிடைப்பது அரிது.

ஓடவைத்து விற்பது

ஓடுகின்ற இயந்திரமும் ஓடாத இயந்திரமும் வாங்குபவரின் கண்ணுக்கு வேறு வேறு பொருள்கள். ஓடாததை அவர் "உள்ளே என்ன போயிருக்கோ" என்ற பயத்தோடு விலை பேசுவார். அந்தப் பயத்துக்கான விலையையும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். பல ஆண்டு நிற்கின்ற இயந்திரத்தின் பிஸ்ரன் பெரும்பாலும் துருவினால் இறுகியிருக்கும், உடைந்திருக்காது. பிளக்கையோ இன்ஜெக்ரரையோ கழற்றி, அந்தத் துவாரத்தால் டீசலும் ஒயிலும் கலந்து விட்டு, சில நாள் ஊறவைத்து, சில்லைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சம்மட்டியால் அடிக்க வேண்டாம். அடித்தால் பாகமாக விற்கக்கூடியதும் கெட்டுவிடும். திருத்துச் செலவு பெரிதாகும்போலத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு இரண்டாவது விலைக்குப் போகலாம்.

லான்ட்மாஸ்டர் எனப்படும் இருசில்லு உழவு இயந்திரம் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்துவிடுகிறார்கள். பெட்டியும், சுழற்கலப்பையும், சேற்றுக்குப் போடும் இரும்புச் சில்லும் தனித்தனிப் பொருள்கள். பெட்டி மாத்திரம் தேடுபவர் ஒருவர், இரும்புச் சில்லு மாத்திரம் தேடுபவர் இன்னொருவர். தனித்தனியே விலை கேட்ட பின் சேர்த்துக் கொடுப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

காலமும் விலையைத் தீர்மானிக்கிறது. வன்னியில் பெரும்போக நெல்லுக்கு உழவு தொடங்குமுன், ஆவணி, புரட்டாதியில், உழவு இயந்திரம் தேடுவார்கள். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும். இந்த இரண்டு காலமும் விற்பவருக்கு நல்லவை. இறைப்பு இயந்திரத்துக்கு மாரி ஓய்ந்து வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களுக்கு இறைப்புத் தொடங்கும் காலம். கார்த்திகை, மார்கழியில் கொட்டும் மழையில் இறைப்பு இயந்திரம் வாங்க யார் வருவார்? ஆனால் எமது குடும்பங்களுக்குக் காசுமுடை வருவது அந்த மாதங்களில்தான்; ஜனவரியில் பாடசாலையும் தொடங்கும். இதைத் தெரிந்துதான் சில வியாபாரிகள் மழைக்காலத்தில் வருகிறார்கள். மூன்று மாதம் பொறுக்க முடியாதவர்களுக்குச் சங்கமோ மாதர் குழுவோ ஒரு சிறு கைமாற்றுக் கொடுத்து, இயந்திரத்தைக் கொட்டிலுக்குள் வைத்து, தைமாதம் கழிய விற்கச் செய்தால் அந்தக் கடனும் அடைபடும், மிச்சமும் இருக்கும்.

பாகமாக விற்பதைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. அருகிலுள்ள இரண்டு மூன்று கராஜ்களில் இயந்திரத்தின் பெயரையும் மாதிரி இலக்கத்தையும் சொல்லி என்ன பாகம் தேவை என்று கேளுங்கள். எரிபொருள் பம்பு, ஹெட், கிராங், கியர் பெட்டி, சில்லு இவையே முதலில் போகும். நல்லவற்றை எடுத்த பின் மிஞ்சும் கோதுக்கு ஆள் வராது என்பதையும், எல்லாம் விற்க மாதக்கணக்காகும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காந்தமும் தண்ணீர்க் கானும்

இனி நிறுத்து விற்பது. இங்கேதான் கூடுதலான விளக்கம் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாமல் காசு போவதும் இங்கேதான்.

முதலில் தரம் பிரித்தல். பழுதான வானொலியின் ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பிலும் உருக்கிலும் அது ஒட்டும். செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம் இவற்றில் ஒட்டாது. எவர்சில்வரிலும் பெரும்பாலும் ஒட்டாது. ஒட்டாதவை எல்லாம் இரும்பைவிட விலை கூடியவை. செம்பின் விலை இரும்பைப்போலப் பத்து மடங்குக்கும் மேல், சில காலங்களில் இருபது மடங்கு. பித்தளை அதற்கு அடுத்தபடி. அலுமினியமும் இரும்பைப்போலப் பல மடங்கு. எல்லாவற்றையும் ஒரே குவியலில் போட்டு "எல்லாம் சேர்த்து என்ன தருவீர்கள்?" என்று கேட்டால், செம்பையும் இரும்பு விலைக்குக் கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

ஒரு உதாரணம். எரிந்துபோன மின் மோட்டார் ஒன்று 14 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே சுற்றிய செம்புக் கம்பி ஒன்றரைக் கிலோ. செம்பு இரும்பைப்போல இருபது மடங்கு விலை போகும் நாளில் அந்த ஒன்றரைக் கிலோ, 30 கிலோ இரும்புக்குச் சமன். முழு மோட்டாரையும் இரும்பாகக் கொடுத்தால் கிடைப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் அந்தக் கம்பியில் மாத்திரம் இருக்கிறது. இப்போது வரும் மலிவு மோட்டார்கள் சிலவற்றில் அலுமினியக் கம்பி சுற்றி மேலே செம்பு நிறப் பூச்சுப் பூசியிருக்கும். கத்தி நுனியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். மோட்டாரின் கோது நல்ல நிலையில் இருந்தால் பிரிக்குமுன் வைண்டிங் செய்பவரிடமும் ஒருமுறை விலை கேளுங்கள்.

பழைய உழவு இயந்திரங்களின் றேடியேற்றர் செம்பும் பித்தளையுமானது. பழைய மருந்தடிக்கும் தெளிகருவிகளின் தொட்டியும் குழலும் பித்தளை. இயந்திரத்தின் பிஸ்ரன், சில மூடிகள், சிறிய பம்புகளின் உடல் ஆகியவை அலுமினியம். இரும்பிலும் கனத்த வார்ப்பு இரும்பும் மெல்லிய தகரமும் ஒரே விலை அல்ல. தகரத்தைக் கலந்து வைத்தால் முழுக் குவியலையும் தகர விலைக்கு இறக்கிவிடுவார்கள். ஒட்டியிருக்கும் மண்ணையும், மரப் பலகையையும், தொட்டிக்குள் தேங்கிய தண்ணீரையும் நீங்களே அகற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் "கழிவு" என்று சொல்லி அவர் கழிக்கும் அளவு எப்போதும் உண்மையான மண்ணைவிடக் கூடுதலாகவே இருக்கும். கழிவு உண்டா, எவ்வளவு என்பதைத் தராசு ஏறுமுன் பேசி முடிக்க வேண்டும்.

அடுத்தது தராசு. வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசுகள் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தால் பரிசோதித்து முத்திரையிடப்பட வேண்டும் என்பது சட்டம். லொறியில் தொங்கும் தராசில் முத்திரை தேடினால் வியாபாரி முகம் சுளிக்கலாம். அதனால் யாரையும் நோகடிக்காத ஒரு வழி சொல்கிறோம். 20 லீற்றர் கான் ஒன்றை வெறுமையாக நிறுக்கச் சொல்லுங்கள். பிறகு அளந்து 20 லீற்றர் தண்ணீர் நிரப்பி நிறுக்கச் சொல்லுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே வித்தியாசம் 20 கிலோ காட்ட வேண்டும். 18 காட்டினால் பத்தில் ஒன்று போகிறது. 400 கிலோ சூடடிக்கும் இயந்திரம் விற்பவர் அந்தத் தராசில் 40 கிலோவை இனாமாகக் கொடுக்கிறார். கடையில் உடைக்காத 50 கிலோ சீமெந்துப் பை இருந்தால் அதையும் வைத்துப் பார்க்கலாம். தராசு எதையும் தூக்காதபோது பூச்சியத்தில் நிற்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

தனியே விற்பதைவிடச் சேர்ந்து விற்பது நல்லது. ஒரு வீட்டில் 60 கிலோ. பன்னிரண்டு வீடு சேர்ந்தால் 700 கிலோவுக்கு மேல். லொறிக்காரருக்கு அலைச்சலும் டீசலும் மிச்சம். அந்த மிச்சத்தில் பங்கு கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ ஒரு நாளைக் குறித்து, முன்கூட்டியே நகரத்துக் கடைகள் மூன்றில் விலை கேட்டு எழுதி வைத்து, ஒவ்வொரு குடும்பத்தின் நிறையையும் தனித்தனியே கொப்பியில் பதிந்தால் போதும். கணக்குப் பதிபவர் இருவராக இருக்கட்டும். ஒருவராக இருந்தால் அவர் நல்லவராயினும் கதை வரும்.

உயிரோடு விளையாட வேண்டாம்

போர் நடந்த நிலத்தில் கிடக்கும் இரும்பு எல்லாம் இரும்பல்ல. ஷெல், மோட்டார்க் குண்டு, அவற்றின் கோது போலத் தெரியும் எதையும் பழைய இரும்பு என்று எடுக்கவோ வெட்டவோ கூடாது. பித்தளைக்கு ஆசைப்பட்டு வெட்டப்போய்க் கையிழந்தவர்களும் உயிரிழந்தவர்களும் எம் மத்தியில் உண்டு. 2017 டிசெம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி நிலத்தைத் துப்புரவாக்கத் தரப்பட்ட கெடு 2028 ஜூன் 1. வளவைத் துப்புரவு செய்யும்போது அப்படி ஏதும் கண்டால் தொடாமல், தூரத்தில் ஓர் அடையாளம் இட்டு, பிள்ளைகளை விலக்கி, கிராம அலுவலருக்கு அல்லது 119க்கு அறிவியுங்கள். புதைத்துவிட்டுப் போன இயந்திரத்தைத் தேடித் தோண்டுபவர்களும் அந்த இடம் கண்ணிவெடி அகற்றிய இடமா என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

எரிபொருள் இருந்த பீப்பாவையோ தாங்கியையோ நெருப்பால் வெட்டக்கூடாது. வெறுமையானது என்று நினைப்பதற்குள்ளே ஆவி இருக்கும், அது வெடிக்கும். மின்கம்பியை எரித்துச் செம்பு எடுப்பவர்கள் பிளாஸ்ரிக் புகையைச் சுவாசிக்கிறார்கள். அதோடு கருகிய செம்புக்கு விலையும் குறைவு. கத்தியால் உரித்த செம்பே நல்ல விலை போகும். பற்றறியின் நிறையில் பாதிக்கு மேல் ஈயம். ஆனால் அதை வீட்டில் உடைத்து ஈயம் உருக்குவது பிள்ளைகளின் மூளைக்கே நஞ்சு. உடைக்காத பற்றறியாக, புதிய பற்றறி விற்கும் கடையிலும் விலை கேட்டு விற்றுவிடுங்கள். தெளிகருவியைப் பலமுறை கழுவிய பின்னரே கொடுங்கள்; கழுவிய நீரைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். அதன் பித்தளைத் தொட்டியைத் தண்ணீர்ப் பாத்திரமாக்க நினைக்கவே கூடாது. விற்காத ரயர்களை மழையில் விட்டால் நுளம்புதான் பெருகும். நூல் தெரியாத ரயரை ரயர் றீபில்ட் செய்பவர்கள் வாங்குவார்கள்.

புத்தகம் இல்லாத இயந்திரம்

உழவு இயந்திரமும் பெட்டியும் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்ட வாகனங்கள். விற்றால் 14 நாட்களுக்குள் அறிவித்து உரிமை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் நாளை அந்த உழவு இயந்திரம் மணல் ஏற்றிப் பிடிபட்டாலோ விபத்துக்குள்ளானாலோ பொலிஸ் தேடி வருவது உங்கள் வாசலுக்கே. வெட்டி இரும்பாக விற்பதானாலும் பதிவை இரத்துச் செய்யும்படி திணைக்களத்துக்கு எழுத வேண்டும். இலக்கத் தகட்டை இரும்போடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். லீசிங்கில் எடுத்து மிச்சத் தவணை உள்ள வாகனத்தை, அந்தக் கம்பனியின் கடிதம் இல்லாமல் விற்க உங்களுக்கு உரித்தில்லை.

போர் முடிந்தபின் உதவியாகக் கிடைத்தவற்றில் ஒரு பகுதி தனியாருக்கு அல்ல, பொதுப் பாவனைக்கே வழங்கப்பட்டது. வட மாகாணத்துக்கு இந்திய அரசு வழங்கிய 500 உழவு இயந்திரங்களைப் பலரும் அறிவர். சங்கத்துக்கோ கமக்காரர் அமைப்புக்கோ உரிய இயந்திரம் பழுதாகி நின்றால் தலைவரோ பொருளாளரோ தனியே விலை பேச முடியாது. கூட்டத்தில் தீர்மானம் எழுதி, கமநல சேவை நிலையத்துக்கு அறிவித்து, விலைகோரி விற்று, காசை வங்கியில் இட வேண்டும். சங்க இயந்திரங்கள் பற்றிய சண்டையில் உடைந்த சங்கங்கள் வறட்சியில் உடைந்தவற்றிலும் கூட என்பது எமது எண்ணம்.

எல்லாவற்றிலும் வலி மிகுந்தது, புத்தகத்தில் பெயர் உள்ளவர் இல்லாத வீடு. 2009இன் பின் கணவரோ மகனோ எங்கே என்று தெரியாத வீடுகளில் அவர் பெயரிலுள்ள லான்ட்மாஸ்டர் வேலியோரம் நிற்கிறது. அதை விற்பது அவரை இல்லையென்று ஒப்புக்கொள்வதுபோல இருக்கிறது என்று தாய்மார் சொல்கிறார்கள். அந்த முடிவை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் விற்க விரும்பும் வீட்டுக்கும் ஒரு தடை வருகிறது. "புத்தகம் மாற்ற ஏலாது, இரும்பு விலைதான்" என்று வியாபாரி சொல்வார். அந்தத் தாயும் வேறு வழி இல்லையென்று கொடுத்துவிடுவார். வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி, காணாமற்போனவரின் குடும்பத்துக்கு, மரணச் சான்றிதழ் பெறாமலே, அவர் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெற்றுக்கொள்ளலாம். அதைக் கையில் வைத்தவுடன் வாகனம் தானாகப் பெயர் மாறிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பிரதேச செயலகத்திலும், சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையிலும் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு உதவவே அந்த ஆணைக்குழு இருக்கிறது. பத்திரம் வரும்வரை இயந்திரத்தைப் பலகைமேல் ஏற்றி, எரிபொருளையும் தண்ணீரையும் வடித்து, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு, தார்ப்பாயால் மூடி வைத்தால் அது பழைய இரும்பாகாமல் இயந்திரமாகவே இருக்கும்.

விற்றவர்கள் எதை விற்றாலும் ஒரு துண்டு எழுதி வாங்குங்கள். திகதி, பொருள், இயந்திர இலக்கம், நிறை, விலை, வாங்கியவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், லொறி இலக்கம் இவ்வளவும் இருக்கட்டும். இறைப்பு இயந்திரங்கள் களவு போகும் பகுதிகளில், பொலிஸ் கேட்டால் உங்களுக்கும் வாங்கியவருக்கும் அந்தத் துண்டுதான் சாட்சி. நேர்மையான வியாபாரி அதைத் தர மறுக்கமாட்டார். தந்த துண்டைக் காணி உறுதியோடும் பங்கீட்டு அட்டையோடும் ஒரே உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.